பக்கத்து வீட்டுக்காரர்

என் தந்தையார் கிதார் கற்பதை விட்டது விரல்வலியால் என்றே எங்கள் குடும்பத்தார் இன்றும் சொல்கின்றனர். உண்மை அதுவன்று. அதை அறிந்தவன் நான் ஒருவனே என்பதால் இதனை எழுதிவைக்கிறேன்.

நேற்று, யுகுலேலே பயிலும் பேத்தியை அழைத்துவர தில்லி ஆர்.கே.புரத்து இசை வகுப்புக்குச் சென்றேன். சிறுவர்களிடையே நரைத்த ஒருவர் கிதார்க் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஏறியேறிச் சென்ற அவ்வொலி, சரோஜினி நகர்க் குடியிருப்பின் ஒரு முன்னறைக்கு என்னை இழுத்துச் சென்றது.

அங்கே பத்து வயதில் நான் பாட்டுப் பயின்றேன். அப்பாவும் அலுவலகத்திலிருந்து நேரே வந்து, சிறுவர்க்கான குட்டை முக்காலியில் முழங்கால் மடங்க அமர்ந்து கிதார் பழகுவார். சுரம் தவறும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் புதிய சிறுவன் ஒருவன், இந்தக் கிழவர் உன் அப்பாவா என்று இந்தியில் கேட்டான்: “யார், இந்த புட்டா உன் பாப்பாவா?”

“சீச்சீ, படோசி” என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் என்று பொருள்.

வீட்டில் ஓர் இந்திச் சொல்லையும் பொறுக்காத அப்பா நிமிர்ந்தார். “ஹாஞ்ஜி பேட்டா, படோசி” என்று அவனிடம் ஆமோதித்துவிட்டு மீண்டும் குனிந்தார்.

வீடு திரும்புகையில், “நாளைலேர்ந்து நீ மட்டும் போய்ட்டு வாடா. எனக்கு விரல் வலிக்குது” என்றார்.

இடத்திலோ வயதிலோ பிழையிருப்பின் அவ்வகுப்பில் பயின்றோர் திருத்துக. அப்பா அந்தப் ‘படோசி’யைச் சிரித்துக்கொண்டே சொன்னதாக எவருக்கேனும் நினைவிருந்தால், அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.