பத்துப் பங்கும் ஒரு துவக்கும்

செந்தில்நாதன் அண்ணை எதையும் அளந்து செய்கிற ஆள். டண்டினோங் பக்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக மெஷின் திருத்துகிறார். ஊரைவிட்டு வந்து நோபல் பார்க்கில் குடியேறிய எங்களில் யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். வந்து பத்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பார், பிறகுதான் கை வைப்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொருளை அளக்காமல் வாங்கினார். மான் சுடுகிற துவக்கு. வாங்க வைத்தவர்கள் நாங்கள்.

வேலையிடத்து வெள்ளைக்காரர் ஒருவரோடு மூன்று தரம் மலைக்குப் போய் இறைச்சி சுமந்து வந்ததில் அவருக்கு இந்த ஆசை பிடித்தது. இங்கத்தைய மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கிற சாம்பர் மான் வேறொன்றுமில்லை, எங்கள் வன்னி மரைதான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அண்ணை வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியைச் சுவரோடு போல்ட் அடித்துப் பூட்டினார். அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றுதான் விஜயா அக்கா வாயைத் திறந்தார்.

விஜயா அக்கா அவருடைய மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை. மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவார். வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் அவருடைய தம்பிக்கு வயிற்றில் ஷெல் துண்டு பட்டது. மருந்தில்லை. இரண்டரை நாள் உயிர் கிடந்தது. அக்கா பக்கத்திலேயே இருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லி அழுததில்லை. எனக்கு அண்ணை சொல்லித்தான் தெரியும்.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா காயத்தோட ஒண்டும் ஓடக்கூடாது. பட்டா அந்த இடத்திலயே விழவேணும். ஓடிச்செண்டா துவக்கும் இந்த வீட்டில இருக்கக்கூடாது" என்று சொன்னாராம் அக்கா.

அண்ணை மறுபேச்சில்லாமல் ஓம் என்றார்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. நடுவில் பங்கு வந்தது. பங்கு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை எடுத்து வெட்டி, ஈரலில் இருந்து எலும்பு வரைக்கும் சமமாகக் குவித்துப் பிரிப்பது. யாருக்கும் கூடாது, குறையாது. ஆனால் பங்கு எடுத்தவனுக்கு இறைச்சியோடு வாயும் வந்துவிடும். எந்த ஆடு, யார் வெட்டுவது, எந்தக் கத்தி என்று எல்லாவற்றிலும் அவன் சொல்லக் கேட்க வேண்டும். அண்ணைக்கு லைசென்ஸ் வந்த கிழமையே மரைக்குப் பத்துப் பங்கு எடுபட்டுவிட்டது. மரை காட்டில், துவக்கு கடையில். வேட்டை இறைச்சியை விற்கக்கூடாது என்பதால் சும்மா தருவதாகத்தான் பேச்சு. சும்மா வருகிற பொருளுக்குத்தான் எங்களுக்கு அபிப்பிராயம் அதிகம்.

வாட்ஸப்பில் குழு தொடங்கினோம். பத்துப் பேரில் ஒருவர்கூட மான் சுட்டதில்லை. ஆனாலும் ஒரு மாதம் எந்த அளவுத் துவக்கு என்பதுதான் பேச்சு. இங்கே சட்டம் ஒன்று இருக்கிறது: மரைக்கு டூ-செவன்ட்டிக்குக் குறைந்த விட்டமுள்ள குண்டு பாவிக்கக்கூடாது. அதற்கு மேலே எது என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். அண்ணை கடையில் நாலைந்தைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு த்ரீ-ஓ-எயிட் தனக்குச் சரி என்று எழுதினார்.

"முன்னூற்றெட்டோ? மரை எண்டா மாடு மாதிரி அண்ணை. மக்னம் எடுங்கோ. நோண்டி நோண்டிச் சுடவோ போறீங்கள்?" என்று குரல்பதிவு போட்டார் தேவராஜா. அவர் கார் ரயர் கடை வைத்திருக்கிறார். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு எட்டு இருக்கை வான் வாங்கியவர்.

அவர் சொன்னது முன்னூறு மக்னம். எண் சிறிதாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னது பார்த்தசாரதி. சென்னைக்காரர், ஐ.டி.யில் வேலை, முட்டைகூடச் சாப்பிடாதவர். பங்கும் எடுக்கவில்லை, பொழுதுபோக்குக்காகக் குழுவில் இருந்தார். ஒரு அட்டவணையே போட்டு அனுப்பினார்.

"ரெண்டுக்கும் குண்டு ஒரே சைஸ்தான் சார். மக்னத்துல வெடிமருந்து அதிகம், அவ்வளவுதான். உதை ஒன்றரை மடங்கு. மான் ரெண்டுலயும் சாகும். தோள்பட்டை தாங்குறதைப் பாத்து வாங்குங்க" என்று எழுதினார்.

அந்தக் குழுவில் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கறி தின்னாதவன் பேச்சை யார் கேட்டது? அண்ணை நீங்கலாக ஒன்பது பங்குக்காரரும் மக்னத்துக்குக் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். பெரிதாக எடுத்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லை என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. பானையும் அப்படித்தான், வீடும் அப்படித்தான். சின்னதை வாங்கினால் ஆளையே சின்னவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அண்ணைக்கு முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாது. முன்னூறு மக்னம் வாங்கினார்.

சுட்டுப் பழகுகிற இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் வெடியில் தோள் பின்னால் போனது. ஐந்தாவதில் கண்ணை மூடத் தொடங்கினார். பங்கருக்குள் கிடந்து வளர்ந்த உடம்பு, சத்தம் வருமுன் தானாகவே குறுகும். அங்கே பொறுப்பாக நின்ற பெண் இதைக் கவனித்துவிட்டார். துவக்கைத் தான் வாங்கி, அண்ணை பார்க்காமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அண்ணை விசையை அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் துவக்கின் வாய் ஒரு சாண் கீழே இறங்கிப் போனது. வெடிக்காத வெடிக்கே உடம்பு அப்படித் துள்ளியிருந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக எடு, இதோடு காட்டுக்குப் போகாதே என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் காருக்குள் அண்ணை கேட்டார், "மாத்துவமோ?"

"உதெல்லாம் பழகீடும் அண்ணை. தேவராஜாக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றேன் நான். எனக்கு அப்போது மரைத் தொடையைப் பற்றித்தான் நினைப்பு. அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜூன் மாதம், இங்கே அது குளிர்காலம், ஒரு சனிக்கிழமை மலைக்குப் போனோம். மூன்று மணி நேர ஓட்டம். காலை ஏழரை மணிக்கு, நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பெண் மரை பக்கவாட்டாக நின்றது. குழந்தைப் பிள்ளையும் சுடுகிற தூரம் என்பார்களே, அப்படி. அண்ணை குந்தியிருந்து, துவக்கைத் தடியில் ஊன்றி, நீண்ட நேரம் பார்த்தார். நான் மரையைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடி கிளம்பியபோது அவருடைய கண் இறுக மூடியிருந்தது.

மரை முதுகை வளைத்துக் கூனியது. பிறகு பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. நின்ற இடத்தில் கொஞ்சம் இரத்தமும், அதோடு பச்சையாக அரைத்த புல்லும் கிடந்தன. வயிற்றில் பட்டிருக்கிறது என்று அண்ணை சொன்னார். மத்தியானம் வரைக்கும் இரத்தத் துளி துளியாகப் பார்த்து முள்ளுக்குள்ளும் ஈரப் பன்னச் செடிகளுக்குள்ளும் ஊர்ந்தோம். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தடம் கழுவுப்பட்டுப் போனது. ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கியது.

"இருட்டில சுடுறது சட்டத்துக்குப் பிழை. போவம் அண்ணை" என்றேன்.

அவர் வந்தார். வரும் வழியில் நான் இன்னொன்றும் சொன்னேன். "படேல்லை எண்டு சொல்லுவம். ஆர் கண்டது?" அவர் பதில் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, குழுவில், 'வெடி படவில்லை, அடுத்த முறை பார்ப்போம்' என்று எழுதிவிட்டேன். தேவராஜா அழுகிற பொம்மை ஒன்று அனுப்பினார்.

வீட்டுக்கு வர இரவு ஒன்பது மணி. விஜயா அக்கா கதவைத் திறந்தார். அண்ணை சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பட்டது. ஓடீற்றுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சண்டை வரும், துவக்கை வெளியே எறி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அவருடைய நனைந்த சேர்ட்டையும் முள் கிழித்த கையையும் பார்த்தார்.

"எங்க பட்டது?"

"வயித்தில."

"எத்தினை மணிக்கு?"

"காலமை ஏழரைக்கு."

அக்கா சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். விரல் விட்டு எண்ணவில்லை. அவருக்கு அந்தக் கணக்கு முன்பே தெரியும்.

"அப்ப அது இன்னும் சாகேல்லை" என்றார்.

பிறகு குசினிக்குள் போய் அடுப்பை நிறுத்தினார். குளிருக்குப் போடுகிற ஜக்கெற்றை எடுத்தார். அண்ணையைக் கேட்காமலே காரில் ஏறி இருந்தார். இரவு சுட முடியாது. ஆனால் விடியும்போது அங்கே நிற்கலாம். அண்ணை என்னைப் பார்த்தார், வருகிறாயா என்று கேட்கவில்லை. காலையில் வேலை இருக்கிறது என்று நானாகவே சொன்னேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணை எனக்குப் போன் எடுத்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. நாங்கள் திரும்பிய இடத்தில் இருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை, ஓடைக்கரையில் கண்டுபிடித்தார்களாம். முதலில் கண்டது அக்கா. தான் பக்கத்தில் போய் ஒரு வெடியோடு முடித்ததாக அண்ணை சொன்னார். இறைச்சி பழுதாகிவிட்டது, பங்கு இல்லை என்று குழுவில் எழுதச் சொன்னார். துவக்குக் கடை திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.

எனக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, நீங்கள் போகேக்க அது உயிரோடயோ கிடந்தது?"

"ஓம்" என்றார். "முழிச்சுப் பாத்துக்கொண்டு கிடந்தது."