சிரிப்புக்காகக் காத்திருந்த டீச்சர்

ஈரோட்டில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். என் வகுப்பில் ஒருவரும் சிரித்ததில்லை; சிரித்தவர்கள் வெளியே நின்றார்கள். கல்யாணமாகி அமெரிக்காவில் பிளசன்டன் வந்தபின், விசா காரணமாகப் பத்து வருடம் வேலைக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்ததும் மறுபடி படித்து, இங்கே பாடம் எடுப்பதற்கான சான்றிதழ் வாங்கினேன். இரண்டு பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளைகள் என்னைக் கண்டு மிரளுகிறார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய ரேடியோ நாடகம் போனில் அகப்பட்டது. டிவி பரவுவதற்கு முன்னால் இங்கே ஓடிய நகைச்சுவைத் தொடர். அதன் கதாநாயகி ஒரு ஸ்கூல் டீச்சர். ஹெட்மாஸ்டரையே முகத்துக்கு நேராக நக்கலடிப்பாள். அரங்கம் கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததை எடுத்து விடுவாள். மாவு பிசையும்போதும் துணி மடிக்கும்போதும் அதையே கேட்டேன். எனக்கும் அப்படிப் பேச வரும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

"ஜோக்கெல்லாம் ட்ரை பண்ணாத. ஸ்ட்ரெய்ட்டா பாடத்தை எடு" என்றார் கணவர். மூன்றாவது பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இதுவும் போனால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

ஏழாம் வகுப்பு, சதவீதம். பின்வரிசையில் பிரின்சிபால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். "கடையில் நாற்பது சதவீதம் தள்ளுபடி. மிச்ச விலையில் இன்னொரு இருபது. ஆக மொத்தம் அறுபது என்று என் கணவர் மூன்று சட்டை வாங்கி வந்தார். அவருடைய சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது இன்னும் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சிரிப்புக்காக நிறுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. காது சூடானது. அடுத்து என்ன சொல்வது என்று சுத்தமாக மறந்துபோனதால் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அறுபது வராது, ஐம்பத்திரண்டு என்றாள். பக்கத்துப் பையன் அறுபதுதான் என்று மல்லுக்கு நின்றான். ஐந்து நிமிடத்தில் பாதி வகுப்பு போர்டுக்கு முன்னால் நின்று சண்டை போட்டது. நான் மார்க்கரைக் கொடுத்ததோடு சரி.

சாயங்காலம் பிரின்சிபால் போனில் கூப்பிட்டார். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிக்க இவ்வளவு பொறுமையாக நேரம் கொடுக்கும் டீச்சரை அவர் பார்த்ததில்லையாம். ஆகஸ்டில் சேர முடியுமா என்று கேட்டார். அது கேள்வியில்லை, ஜோக் என்று நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். போனை வைத்ததும் பாத்ரூமுக்குள் போய் ஆசை தீர அழுதேன்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாம் சரி. கம்பெனி பேரைச் சொல்லலயே?" என்றார்.