கறுக்காத கட்டஞ்சாயா

கோவில்பட்டிப் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றால் பாறையோடு மல்லுக்கட்ட வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தப் பாடே கிடையாது. இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். வம்பு அதற்குப் பிறகுதான். தண்ணீரோடு சேர்ந்து நாலு பக்கத்து மணலும் சரிந்து வரும். அது சரிவதற்குள் சிமெண்டு உறையை இறக்கி, உள்ளே உட்கார்ந்து மணலை அள்ள அள்ள, உறை தன் பாரத்திலேயே கீழே போகும்படி செய்ய வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் வேலை தேடி வந்த வீரபாண்டி, அதை மூன்றே மழைக்காலத்தில் கற்றுக்கொண்டார். பள்ளுருத்தி வரைக்கும் எந்த வீட்டுக் கிணற்றில் எத்தனை உறை என்று அவரிடம் கேட்டால் போதும்.

தமிழ்நாட்டுக்காரர்களை அங்கே பொதுவாகப் பாண்டி என்பார்கள். கொஞ்சம் இளக்காரமாகத்தான். வீரபாண்டி அதற்குக் கோபப்பட்டதில்லை. "என் பேருல பாதியத்தானே சொல்றான், சொல்லிட்டுப் போறான்" என்பார்.

உறை இறக்குவதைவிடத் தண்ணீரைப் பார்த்துச் சொல்வதில்தான் அவருக்குப் பெருமை. அந்த மண்ணில் இரும்பு கலந்த மஞ்சள் தண்ணீர் சர்வசாதாரணம். அதற்கு அவர் கையில் ஒரு சோதனை இருந்தது. வேட்டி மடிப்பில் தேயிலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்குவார். மைபோலக் கறுத்தால் இரும்பு. கரியும் மணலும் அடுக்கிய பானையில் வடித்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மஞ்சளாக இருந்தும் கறுக்காவிட்டால் வேறு ஏதோ. அப்படி ஒரு கிணற்றை அவர் அதுவரை பார்த்ததில்லை.

எழுபத்தொன்பதில் மழை விட்டதும் பீவி ஆள் அனுப்பினார். பஜாருக்குப் பின்னால் ஒன்பது வீடுகள் கொண்ட வரிசையில் அவர் வீடு. மற்ற கிணறுகளெல்லாம் உப்பு. பீவி வீட்டு முற்றத்துக் கிணறு ஒன்றுதான் குடிக்கிற தண்ணீர். ஒன்பது வீட்டுக்கும் அதுதான். புருஷன் போன பிறகு மகன் மஜீதோடு இருந்த பீவி, கிணற்றுக்குக் கதவோ பூட்டோ போட்டதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய அரிசிக் கிடங்கில் இரண்டு வருஷமாக ஒரு பட்டறை. சைக்கிள் ஹேண்டில்பார், படகுக் குழாய்களுக்கெல்லாம் பளபளவென்று முலாம் ஏற்றுவார்கள்.

அன்றைக்கு வீரபாண்டிக்குப் பள்ளுருத்தியில் உறை வார்க்கிற வேலை பாதியில் நின்றது. சிமெண்டு குழைத்துப் போட்டிருந்தார்கள். அவசரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"மஞ்சளா வருது தம்பி" என்றார் பீவி.

"இரும்புதான்க்கா. மழைக்குப் பொறவு எல்லாக் கெணத்துலயும் இதே கூத்துதான்."

"குடிக்கலாமா?"

"தாராளமா. ஒடம்புல இரும்பு இல்லைன்னு டாக்டர் மாத்திரை எழுதுறான். ஒங்களுக்குக் கெணறே குடுக்குது."

பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்கில் ஒரு கிளாஸ் பாண்டிச்சேட்டனும் குடி. மருந்தல்லே!"

மருந்தென்றால் நீயும் ஒரு கிளாஸ் குடி என்றதற்கு, அவர் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். ருசியில் ஒன்றும் தெரியவில்லை. பொட்டலம் மடிப்பிலேயே இருந்தது. பதினேழு வருஷத்துப் பழக்கம், கண்ணே போதும் என்று நினைத்துவிட்டது.

வரிசைக்கு அது போதுமாக இருந்தது. பாண்டியே சொல்லிவிட்டான் என்று பானைகளில் கரியும் மணலும் அடுக்கினார்கள். கமலாக்ஷியின் விரலிடுக்குகளில் புண் வந்தபோது, இறால் உரிக்கிற வேலை, அதனால் என்றார்கள். பிள்ளைகளுக்கு வாயில் கொப்புளம் வந்தபோது மாங்காய்மேல் பழி போட்டார்கள். பீவிக்கு வயிறு எரிந்தது. காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருந்தது. வயசு என்றார்கள். தண்ணீரை யாரும் சொல்லவில்லை. தண்ணீருக்குத்தான் ஒருவர் உத்தரவாதம் கொடுத்திருந்தாரே.

ஏழு மாதம் கழித்து அந்த வழியாகப் போனவரைப் பீவி கூப்பிட்டு உட்காரவைத்து, கட்டஞ்சாயா கொடுத்தார். பால் சேர்க்காத வெறும் தேயிலைச் சாயா. வீரபாண்டி ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குத் தூக்கிய கிளாஸ் நடுவழியில் நின்றது. சாயா கறுக்காமல் சிவப்பாக இருந்தது.

"என்ன தம்பி, சீனி கூடிப்போச்சா?"

"இது எந்தத் தண்ணிக்கா?"

"எந்தத் தண்ணி? நம்ம கெணத்துதான். வடிகட்டிப் போட்டது."

"வடிச்சா இரும்பு பானையிலயே நின்னுரும். வடிகட்டாததுல ஒரு சாயா போடுங்க."

பீவி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டுக் கொண்டுவந்தார். அதுவும் சிவப்பாக, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கிளாஸை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கறுப்பின் சாயல்கூட இல்லை. கிளாஸைத் தரையில் வைத்தார்.

"அக்கா, இது இரும்பு இல்ல. நான் அன்னைக்குப் பாக்கல. பாக்காமலே சொல்லிட்டேன்."

பீவி அந்தக் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஏழு மாசமா நீ சொன்ன சொல்லத்தான் தம்பி நாங்க குடிச்சுட்டிருந்தோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாளே படகேறி எறணாகுளத்துப் பரிசோதனைச் சாலைக்குப் பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுபோனார். குரோமியம் என்றார் அங்கிருந்த ஆபீசர். முலாம் பட்டறைக் கழிவு, மதிலுக்குப் பின்னால் வெறும் மண்குழியில் தேங்கி, மணல் வழியாகக் கிணற்றில் ஊறியிருந்தது. நோட்டீஸ் ஒட்டியதும் பட்டறைக்காரன் தொட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். குழியை விட்டுவிட்டுப் போனான்.

வீரபாண்டி அந்தக் குழியில் இறங்கினார். மஞ்சள் பாரித்த மண்ணை ஆபீசர் சொன்னபடி சாக்குகளில் அள்ளிக் கட்டினார். கிணற்றை இறைத்து ஓடையில் விட்டால் அடுத்த கிணற்றுக்குத்தான் போகும் என்றதால், முற்றத்தில் செங்கல் தொட்டி ஒன்று கட்டினார். இறைத்த தண்ணீரில் அன்னபேதியைப் போட்டார். மஞ்சள் மறைந்து பச்சை படரும். பிறகு சுண்ணாம்பு. காலையில் அடியில் சேறு படிந்திருக்கும். அன்னபேதி என்பதே இரும்பின் உப்புதான் என்று ஆபீசர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கு வீரபாண்டி சோறு உண்ணவில்லை. செய்யாத குற்றத்தை எதன்மேல் போட்டாரோ அதுவே இப்போது மருந்தாக வந்து நின்றது.

மூன்று வருஷம் இதே பாடு. மற்ற இடத்து வேலையெல்லாம் கைவிட்டுப் போயிற்று. வரிசைக்காரர்கள் புதிதாக வந்த தெருமுனைக் குழாயில் வரிசை நின்றார்கள். கமலாக்ஷி அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீவிக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. இந்தத் தண்ணீரால்தானா என்று மஜீத் கேட்டதற்கு, ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். ஆமென்று சொல்லியிருந்தால்கூட வீரபாண்டிக்குத் தூக்கம் வந்திருக்கும்.

எண்பத்து மூன்றின் கோடையில் குழாய் வறண்டது. லாரியில் தண்ணீர் வந்தது. அந்த மாதம்தான், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று பரிசோதனைச் சாலையிலிருந்து முதல் தாள் வந்தது. பீவி கட்டிலில் சாய்ந்தபடி அதைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இது வாசிக்கத் தெரியாது. டாக்டர் ஒரு நாளைக்கு அளந்து நாலு கிளாஸ்தான் குடிக்கச் சொல்லிருக்கான். அந்த நாலையும் லாரித் தண்ணியில குடிக்கணுமா? நீ சொல்லு தம்பி. நம்ம கெணத்துல குடிக்கலாமா?"

வீரபாண்டி தாளை வாங்கி மடித்தார். "இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

இரண்டாவது தாளும் அதையே சொன்னது. அவர் மறுபடியும் இன்னொரு வாட்டி என்றுதான் சொன்னார். பீவி சிரித்தார். வீங்கிய முகத்தில் கண் இடுங்கிப்போயிற்று. "அன்னைக்குப் பாக்காமலே சொன்னே. இன்னைக்குப் பாத்துட்டும் சொல்ல மாட்டேங்குறே. நல்ல ஆளு நீ."

மூன்றாவது பாட்டிலைக் கண்டதும் ஆபீசருக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருந்தாலும் பார்த்துக் கொடுத்தார். "வீரபாண்டி, வெள்ளத்தினு இனி ஒந்நுமில்ல. பேடி நிங்ஙள்க்கா."

வெள்ளம் என்று ஆபீசர் சொன்ன தண்ணீரில் இனி குறை இல்லை, பயம் தனக்குத்தான் என்பது அவருக்கும் தெரியும். இந்த முறை சொல்லிவிட வேண்டும், முதல் கிளாஸைத் தானே இறைத்துக் கொடுக்க வேண்டும் என்று படகில் நின்றுகொண்டே வந்தார். வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வரிசையில் நுழைந்தபோது பீவி வீட்டு வாசலில் தொப்பி வைத்த ஆண்கள் நின்றிருந்தார்கள். முற்றத்து மூலையில் துணி கட்டி மறைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குப் பீவிக்கு மூச்சு நின்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

மஜீத் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கொழாயில சொட்டு இல்ல. லாரியும் வரல. உம்மாவக் குளிப்பாட்டணும். இந்தத் தண்ணி எடுக்கலாமா?"

சுற்றி நின்றவர்கள் கிணற்றடிக்கு நெருங்கி வந்தார்கள். காலிக் குடத்தோடு நின்ற கமலாக்ஷி, மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எடுக்கலாம்" என்றார் வீரபாண்டி. "நல்ல வெள்ளம்."

வாளியை இறக்கி, இறைத்து, கமலாக்ஷியின் குடத்தில் ஊற்றினார். அவள் மறைப்புத் துணி வரைக்கும் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து பெண்களின் கைகள் வாங்கிக்கொண்டன. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் வேணும்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவர் மறுபடியும் வாளியை இறக்கினார்.