மாலூர் வரைக்கும் நீ

சைக்கிள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என் தம்பி தயாளன். தன் பற்களுக்கு அவன் இத்தனை நேரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் டீசல், பிறகு பழைய பனியன் துணி, பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். சனிக்கிழமை சாயங்காலம் ஊரிகத்தில் எங்கள் சுரங்க லைன் வீட்டு வாசலில் நடக்கும் இந்தப் பூசைக்கு நடுவே யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேட்காது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று அவன் மனைவி மமதா அவனிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து சொல்லுவாள்.

தயாளனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவான். எதிர் வீட்டு சரோஜம்மா இதற்காகவே வாசல் தெளிப்பதைத் தாமதப்படுத்துவாள்.

“இன்னா தயா, கொழந்தைக்குக் கட்டற மாதிரி இன்னாத்தையோ கட்டிகினு போற?”

“உனுக்குத் தெரியாதுக்கா. இது சைக்கிளிங் டிரஸ்.”

“நனைஞ்சா மாத்திக்க இன்னொண்ணு வெச்சிகினியா?”

அவன் போகும் இடம் பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் பரவும் பள்ளமான நிலத்தை வேலி போட்டுக் காப்புக்காடு ஆக்கி, நடுவே இருக்கும் காவல் டவர் வரைக்கும் சரளைக்கல் பாதை போட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. சைக்கிளில் போகலாம், அதுவும் ஞாயிறு காலை மட்டும்.

“ஒரு ஆரன் சத்தம் இல்லக்கா. பொகை இல்ல. டயருக்குக் கீழ சரளை மட்டும் மொறுமொறுன்னு பேசிகினே வரும்” என்பான். வண்டியே வராத அந்த ரோட்டுக்குப் போய்ச் சேர, லாரி ஓடும் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். வண்டி வராத ரோடுதான் வேண்டுமென்றால் எங்கள் லைனிலேயே இருக்கிறது. நட்ட நடுவில் மாடு படுத்திருக்கும். அதைக் கேட்க ஆள் இல்லை.

இயற்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்கிறான். ஐந்து வருடமாகப் பார்த்ததில் அவன் கற்றுக்கொண்டது இதுதான்: கால் நீளமாக இருந்தால் கொக்கு, இல்லாவிட்டால் குருவி.

இவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெயர் கிளமெண்ட். தினமும் காலையில் தயாளன் ஊரிகத்தில் ரயில் ஏறுவான். கிளமெண்ட் அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ஏறுவார். அதற்குள் இவன் பக்கத்து சீட்டில் கர்ச்சீப் போட்டு வைத்திருப்பான். இந்த ரயிலில் கர்ச்சீப் விழுந்த சீட்டை யாரும் தொட மாட்டார்கள். ஒரே சீட்டுதான் கிடைத்தது என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாதி வழியில் வரும் மாலூர் வரைக்கும் ஒருவர், மாலூரிலிருந்து மற்றவர். உட்கார்ந்தாலும் நின்றாலும் தயாளன் சரளைப் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டே போவான். கிளமெண்ட் கேட்டுக்கொண்டே போவார். அவர் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. இவன் விட்டால்தானே.

போன மாதம் அவர் ரிடையர் ஆனார். மகன் நோயல் ஓசூருக்குக் கூட்டிப்போகிறான். செவ்வாய்க்கிழமை சாமான் ஏற்ற வண்டி வருகிறது என்று ஆனபிறகு, “அந்த ரோட்ட ஒரு வாட்டி எனுக்குக் காட்டுப்பா” என்று கேட்டாராம். பேரனுடைய கியர் சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலையில் வந்து நின்றார். சிற்றுண்டித் தூக்கோடு நான் ஆட்டோவில் பின்னால் போனேன்.

அன்றைக்கு விட்டால் தயாளனுக்கும் வழியில்லை. மறுநாள் முதல் பாதை அடைப்பு. ஆட்காட்டிக் குருவிகள் அந்தச் சரளையிலேயே முட்டை வைக்கும். அதன்பின் மழை வந்துவிடும். வருடக் கடைசியில்தான் மறுபடி திறப்பார்கள்.

வாசலில் காவலர் மஞ்சுநாத் தகர வில்லைகள் வைத்திருப்பார். வில்லைக்கு ஒரு சைக்கிள். வில்லை தீர்ந்தால் அவ்வளவுதான்; கூட வந்தவர்கள் ஒரே வில்லையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திருப்பிக் கொடுத்த வில்லை அன்றைக்கு மறுபடி வெளியே வராது. தயாளன் முதல் ஆளாகப் போய், தடுப்புக் கம்பியில் இரண்டு கர்ச்சீப்பை விரித்துப் போட்டுவிட்டு, கிளமெண்டோடு டீ குடிக்கப் போனான். வரிசையில் நிற்பது இவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

திரும்பி வந்தால் பெங்களூர் சைக்கிள் கூட்டம் நிற்கிறது. கர்ச்சீப் இரண்டும் அழகாக மடித்து மைல்கல் மேல் வைக்கப்பட்டிருந்தன. பறக்காமலிருக்க மேலே ஒரு கூழாங்கல்.

“யாருங்க இத்த எடுத்தது?”

“நான்தான் அங்கிள்” என்றாள் நேத்ரா என்ற பெண். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி போலிருந்தது. “யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்து வெச்சேன்.”

“மறந்துட்டா? கர்ச்சீப்பு போட்டா ஆளு நிக்கிற மாதிரிம்மா! எங்க ட்ரெயின்ல வந்து யார வேணா கேளு!”

“இது ட்ரெயின் இல்லையே அங்கிள்.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் இவன் நியாயம் கேட்டு மஞ்சுநாத்திடம் போனான். அவர் பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது சார். யாரு போறீங்க, பேக, சீக்கிரம் சொல்லுங்க. ஒம்போது மணிக்குப் பூட்டிடுவேன்.”

“நீ போப்பா” என்றார் கிளமெண்ட். “இது உன் எடம்.”

தயாளன் பெரிய மனிதன் போல நெஞ்சை நிமிர்த்தினான். “சும்மாரு. மாலூர் வரைக்கும் நீ, அப்பறம் நானு. டவர் வரைக்கும் போய்ட்டு உடனே திரும்பிடு. அங்க உக்காராத. உக்காந்தன்னா எனுக்கு டைம் பூடும், சொல்லிட்டேன்.”

ரயிலில் மாலூர் தானாக வந்து நிற்கும். யாரும் எழுப்பிவிட வேண்டியதில்லை. ஆற்றுப் படுகையில் மாலூரை யார் கொண்டுவந்து நிறுத்துவது? இந்தச் சின்ன விஷயம் அத்தனை வருடம் ரயிலில் போய்வந்த இருவருக்கும் தோன்றவில்லை.

அரை மணி நேரம் தயாளன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். பிறகு அங்கேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பெங்களூர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்ததும், வழிமறித்து விசாரித்தான்.

“குள்ளமா, மஞ்ச சட்ட போட்டுகினு…”

“அந்த அங்கிளா?” என்றாள் நேத்ரா. “டவர் பக்கத்துல தண்ணி நிக்குதில்ல, அதுல கால வெச்சுட்டு உக்காந்திருக்காரு. வரீங்களான்னு கேட்டேன். கைய மட்டும் ஆட்டினாரு.”

“உக்காந்துட்டான்க்கா!” என்று என் பக்கம் திரும்பினான். “சொன்னனா இல்லியா? உக்காராதன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். வரட்டும். இத்தினி வருசம் எடம் புடிச்சிக் குடுத்ததுக்கு நல்லா கேக்கறேன் பாரு.” என்னென்ன கேட்கப் போகிறான் என்று எனக்கே ஒத்திகை பார்த்துக் காட்டினான். சில வார்த்தைகள் இங்கே எழுதக் கூடாதவை. இட்லியைக் கொடுத்தேன். பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

மஞ்சுநாத் பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் வளைவில் மஞ்சள் சட்டை தெரிந்தது. கிளமெண்ட் மெதுவாக மிதித்து வந்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். பூட்ஸ் இரண்டும் நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கின. காலெல்லாம் சேறு. இறங்கினவர் முகத்தை நான் பார்த்தேன். மனைவி இறந்தபிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது.

“ஒரு ஆரன் சத்தம் இல்லப்பா தயா” என்றார். “நீ சொல்லுவியே, சரளை பேசும்னு. பேசிச்சிப்பா. ஒரு குருவி தரையிலயே உக்காந்துகினு என்னயே பாத்துகினு இருந்திச்சி, நானும் அத்தயே பாத்துகினு…” அப்போதுதான் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். “ஐயோ. உன் டர்னு.”

தயாளன் வாயைத் திறந்தான். ஒத்திகை பார்த்த அத்தனையும் அங்கே தயாராக இருந்தது. பூட்டைப் பார்த்தான். கிளமெண்டின் சேற்றுக் காலைப் பார்த்தான். பிறகு சட்டென்று குனிந்து, பேரனுடைய சைக்கிளின் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

“காத்து கம்மியாக்குதுப்பா. இத்த வெச்சிகினு எப்பிடிச் சீக்கிரம் வருவ நீ?”

தன் சைக்கிளிலிருந்து பம்ப்பைக் கழற்றி வந்து, மண்டியிட்டு, தலையை நிமிர்த்தாமல் அடிக்கத் தொடங்கினான். அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அவன் அடிப்பதற்கு முன்பே டயர் கல்லாக இருந்தது.