குதிரைப் பாதை வரைபடத்தில் நான் விட்ட குறிப்பு

1. பிஸ்கட் என்ற குதிரை

நில அளவை வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் தொடங்கி மெல்பேணில் ஓய்வு பெற்றேன். அவ்வளவு காலத்தில் இரண்டே இரண்டு நாட்கள்தான் குதிரையில் இருந்து அளவெடுத்திருக்கிறேன். இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது பெரிய பாலங்கள், பெருந்தெருக்கள் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதவேண்டியது அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் மெல்பேணுக்கு வந்து எட்டு மாதமாகியும் என் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு ஒபிஸ்களில் 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் பழ டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவதாகப் போன சிறிய சேர்வே ஒபிஸில் கிரஹாம் என்பவர் என் கையெழுத்தைப் பார்த்தார், நான் வரைந்த பழைய பிளான் ஒன்றைப் பார்த்தார், திங்கட்கிழமை வா என்றார். பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மன் வேலை, முதல் ஆறு மாதம் புரொபேஷன், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். யாரும் எடுக்காத நேரத்தில் என்னை எடுத்தவர் அவர். அந்த நன்றி பின்னால் நடந்ததில் ஒரு பங்கு வகித்தது.

நாலாவது மாதம் ஒரு வேலை வந்தது. மெல்பேணுக்குக் கிழக்கே மலைகளுக்கிடையில் ஒரு பள்ளத்தாக்கில் டோரீன் என்ற பெண்மணி குதிரைலாயம் நடத்தினார். அறுபது வயதிருக்கும். சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து வருகிறவர்களைக் குதிரையில் அழைத்துப் போவார். ஓடையோரமாகப் பள்ளத்தாக்கில் தொடங்கி, யூகலிப்டஸ் காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குள் இறங்கித் திரும்பும் பாதை. இரண்டு நாள் சவாரி. அதுவரை எல்லாச் சவாரிக்கும் டோரீனே முன்னால் போவார். வயதாகிறது, இனி வேறு வழிகாட்டிகளையும் அனுப்பவேண்டும், அதற்கு மடித்துப் பையில் வைக்கக்கூடிய வரைபடம் வேண்டும் என்று கேட்டிருந்தார். பாதை அயலவர்களின் காணிகளுக்குள்ளால் போவதால், அவர்களிடம் சம்மதம் வாங்கவும் அதே வரைபடம்தான்.

வழமையாக வெளிவேலைக்குப் போகிற சேர்வேயருக்கு முதுகுப்பிடிப்பு. கிரஹாம் என்னை அனுப்பினார். விமானத்திலிருந்து எடுத்த படத்தின் பெரிய பிரதி, கொம்பஸ், அளவெடுக்கும் இடத்திலேயே எழுதும் ஃபீல்ட் புக் என்ற கொப்பி. இவ்வளவுதான் சாமான். குதிரையில் ஏறத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டோரீன் பிஸ்கட் என்ற மண்ணிறக் குதிரையை என்னிடம் கொண்டுவந்து விட்டார். வயதான பெண் குதிரை. நான் ஏறுவதற்கு ஒரு மரக்கட்டையும் போட்டுத் தந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "இவளுக்கு வழி தெரியும். கயிற்றை விட்டுவிட்டு நீ உன்ர எழுத்தைப் பார்."

அப்படியே செய்தேன். பிஸ்கட் நடக்க நடக்க நான் கொப்பியைத் தொடைமேல் வைத்து எழுதினேன். வேலிக் கதவுகள், ஓடை கடக்கும் இடங்கள், சரிவுகள், ஒன்றுகூட விடாமல். எழுதும்போது அவள் நின்று தருவாள். நான் பென்சிலைக் காதில் செருகினால்தான் மறுபடி நடப்பாள். இதை டோரீனிடம் சொன்னபோது, குதிரைகளை ஒருவரும் சரியாகப் படிப்பதில்லை, குதிரைகள்தான் எங்களைப் படிக்கின்றன என்றார்.

2. கீழ்ப்பாதை, மேல்பாதை

முதல் நாள் பின்னேரம் காட்டுக்குள் ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. டோரீன் குதிரையை நிறுத்தி, இதைக் கவனமாக எழுது என்றார். கீழ்ப்பாதை குறுக்கு வழி. ஆனால் முந்திய காலத்தில் மரம் இழுக்கச் சின்னத் தண்டவாளம் போடுவதற்காக மண்ணை வெட்டிய பள்ளம் ஒன்று அதன் குறுக்கே போகிறது. பள்ளத்தைச் செடிகள் மூடிவிட்டன. அடியில் தண்டவாளத்தைத் தாங்கிய, உக்கிப்போன சிலிப்பர் கட்டைகள். கோடையில் மண் இறுகியிருப்பதால் பயமில்லை. மழைக்குப் பிறகு குதிரையின் கால் கட்டைகளுக்கிடையில் இறங்கிவிடும். மழைகாலத்தில் மலை முதுகைச் சுற்றிப் போகும் மேல்பாதையில் மட்டும்தான் போகவேண்டும்.

"எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு வாறவனுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மப்" என்றார்.

பிஸ்கட் நின்றாள். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: 'கீழ்ப்பாதை மழைகாலத்தில் ஆபத்து. மேல்பாதை மட்டும்.' அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மறுபக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் சல்வத்தோர், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர். தளிர் விடும் காலத்தில் குதிரைகள் வரிசைகளுக்குள் வரக்கூடாது, வேலியோரமாகப் போனால் சம்மதம் என்றார். மதியம் மேசையில் பாணும் இறைச்சியும் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று கூச்சத்தோடு சொன்னேன். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தன் வீட்டில் தன்னைத் தவிர இப்போது ஒருவரும் வெள்ளி பார்ப்பதில்லை என்று சொல்லி, இறைச்சித் தட்டை டோரீன் பக்கம் தள்ளிவிட்டு, எனக்கும் தனக்கும் தக்காளியும் சீஸும் வெட்டினார். அந்த நாட்டுக்கு வந்தபின் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு மேசையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

3. தாளின் அளவு

பிரச்சினை டிரோயிங் போர்டில் தொடங்கியது. மடிக்கும் வரைபடத்துக்குத் தாளின் அளவு முன்பே முடிவாகியிருந்தது. மேல்பாதை மலை முதுகைச் சுற்றும் இடத்தில் தாளின் எல்லைக்கு வெளியே போனது. ஸ்கேலைக் குறைத்து எல்லாவற்றையும் சின்னதாக வரைந்தால் கதவுகளும் வேலிகளும் நெருங்கி வாசிக்க முடியாமல் போகும். நான் கிரஹாமிடம் காட்டினேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். ஒரே இடத்துக்கு இரண்டு பாதை எதற்கு, வருகிறவர்கள் குழம்புவார்கள், மேல்பாதையை எடுத்துவிடு என்றார். குறிப்பைச் சொன்னேன். மேல்பாதை இல்லாத படத்தில் மேல்பாதையில் போ என்று எப்படி எழுதுவது என்று சிரித்தார். "இது சவாரிக்காரருக்கான மப், கவர்ன்மென்ட் பிளான் இல்லை. அவளுக்கு அவளின்ர காடு தெரியும்."

மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அந்தப் பாதையையும் குறிப்பையும் தனியாக வரைந்திருக்கலாம். அரை நாள் வேலை. எனக்கு அது அப்போதே தோன்றியது. புரொபேஷன் முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மனைவி சரோவும் மகளும் வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொஸ்ஸை இரண்டாம் தரம் மறித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மேல்பாதையைச் சுரண்டி எடுத்தேன், குறிப்பையும் விட்டுவிட்டேன்.

அச்சடிக்குமுன் புரூஃப் பார்க்க டோரீன் வந்தார். எவ்வளவு வடிவாக வரைந்திருக்கிறாய் என்று ஓடையை விரலால் தடவிப் பார்த்தார். மப் வாசிக்கத் தனக்குப் பழக்கமில்லை என்றபடி, தான் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

4. எனக்கு ஞாபகமில்லை

ஜூலை மாதம், ஒரு கிழமை விடாமல் மழை பெய்தபின் வந்த சனிக்கிழமை. லாயத்தில் ஒரு குதிரை குட்டி ஈனக் கஷ்டப்பட்டதால் டோரீன் சவாரிக்குப் போகவில்லை. தங்கையின் மகன் கெவினை அனுப்பினார். முப்பது வயதுக்காரன், வேறு ஊரில் மாடு மேய்ப்பில் இருந்துவிட்டு அப்போதுதான் பெரியம்மாவிடம் வேலைக்கு வந்தவன். பாதையெல்லாம் மப்பில் இருக்கிறது, அதன்படி போ என்று டோரீன் சொல்லி அனுப்பினார்.

அவன் மப்பின்படி போனான். கீழ்ப்பாதையில் முன்னால் போன அவனுடைய குதிரையின் கால் பள்ளத்துக்குள் இறங்கிற்று. குதிரை அவன்மேல் சரிந்தது. பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. கெவினின் இடுப்பெலும்பு நொறுங்கியது. குதிரைக்கு முன்னங்கால் முறிந்தது. பக்கத்துக் காணிக்காரர் துவக்கைக் கொண்டுவந்து அதைச் சுடவேண்டியதாயிற்று. அது பிஸ்கட்.

இரண்டு கிழமைக்குப் பிறகு டோரீன் ஒபிஸுக்கு வந்தார். இன்சூரன்ஸ் ஆள் ஒருவரும் வந்திருந்தார். கிரஹாமின் அறையில் நாலு பேர். டோரீன் தான் சொன்னதைச் சொன்னார். கிரஹாம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பள்ளத்தைப் பற்றி உன்னிடம் சொன்னாவா?"

என் ஃபீல்ட் புக் அடுத்த அறை அலுமாரியில் இருந்தது. கிரஹாம் அதை நினைத்திருப்பார், நினைக்காமலும் இருந்திருப்பார், எனக்குத் தெரியாது. அவர் குரலில் மிரட்டல் எதுவும் இருக்கவில்லை. அதுதான் உண்மை. அவர் கேட்டார், அவ்வளவுதான்.

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

டோரீன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ குதிரையில இருந்துகொண்டே எழுதினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். நான் மேசையைப் பார்த்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் சரோவிடம் சொன்னேன். அவள் குசினியில் மா பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்த மனுசி சொன்னது உங்கட கொப்பியில இருக்கெல்லே?"

"இருக்கு."

"பிறகேன் ஞாபகமில்லையெண்டனீங்கள்?"

"வேலை போயிடும் சரோ."

அவள் கையைக் கழுவினாள். "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் டின் அடுக்குவம்."

"ஓம், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் புரொபேஷன் முடிந்து கடிதம் வந்தது. அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

காணிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சம்மதத்தை மீளப் பெற்றார்கள். வழியின் ஆபத்தை மறைத்தவள் என்று டோரீனைப் பற்றிக் கதை பரவியிருந்தது. சல்வத்தோர்தான் கடைசிவரை கதவைத் திறந்து வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரு கதவு மட்டும் திறந்திருந்து என்ன? பாதை மூடப்பட்டது.

5. ஐந்து வருடம் கழித்து

அலுவலகம் பெரிய கட்டடத்துக்கு மாறியது. கிரஹாம் ஓய்வு பெற்றுவிட்டார், டிரோயிங் பகுதி என் பொறுப்பில். பழைய ஃபீல்ட் புக்குகளை எறிவதா வைப்பதா என்று பிரிக்கும்போது அந்தப் புத்தகம் கையில் வந்தது. பக்கத்தைத் திறந்தேன். என் கையெழுத்து, இரண்டு கோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரோவையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போனேன். டோரீன் அங்கேதான் இருந்தார். பெரிய லாயத்தில் இரண்டே குதிரைகள். ஒன்றின் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். புத்தகத்தைக் காட்டினேன். நான் சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார். முடித்தபின்தான் நிமிர்ந்தார்.

"எனக்கு இது தெரிந்த விசயம். இதை என்னிடம் சொல்ல ஏன் வந்தாய்? கெவின்தான் நான் சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைக்கிறான். அன்றைக்கிலிருந்து என்னோட கதைக்கிறதில்லை. அவனிட்டப் போய்ச் சொல்லு."

சரோவை அவர் உள்ளே கூப்பிடவில்லை. விலாசத்தை ஒரு தீவனப் பையில் கிழித்த துண்டில் எழுதித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை கெவினின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தபோது ஊன்றுகோல் வைத்திருந்தார். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. புத்தகத்தை மேசையில் வைத்துப் படித்தார். மறுபடி படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கதிரையைக் காட்டினார், எனக்கு இருக்க மனம் வரவில்லை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிக மெதுவாகப் பேசினார்.

"அம்மா போன வருசம் இறந்துபோனா. பெரியம்மா செத்தவீட்டுக்கு வாறன் என்று போன் பண்ணினா. நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்." பிறகு கேட்டார்: "கடைசியில அம்மா, அக்கா வந்தவளா என்று கேட்டா. இதை நான் இப்ப யாரிட்டச் சொல்லுறது?"

புத்தகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அவர் டோரீனிடம் போனார் என்று பின்னால் சல்வத்தோரின் கடிதத்தில் அறிந்தேன். பழையபடி வேலைக்கல்ல, பார்த்துக் கதைத்துவிட்டு வர. அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமை எனக்கிருந்ததாக நினைக்கவில்லை.

என் பகுதியில் அதன்பின் ஒரு ஒழுங்கு வைத்தேன். ஃபீல்ட் புக்கில் இருக்கும் எச்சரிக்கை ஒன்று வரைபடத்தில் வராவிட்டால், அதைச் சொன்னவரே பார்த்துக் கையெழுத்திடவேண்டும். யார் பொஸ் என்றாலும் சரி. அது நல்ல ஒழுங்கு, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் படித்தது அதுவல்ல. 'ஓம், அவ சொன்னவ, நான் எழுதினனான்.' கிரஹாமின் அறையில் நான் சொல்லியிருக்கவேண்டியது இவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்துக் கெவினின் வீட்டில் அதையேதான் சொன்னேன். சொல்லிமுடிக்க ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. கேட்டிருக்கவேண்டியவர்களில் ஒருவர், கெவினின் அம்மா, அங்கே இல்லை.