பேய்க்கு வழி விட்ட டிரைவர்

போன வியாழக்கிழமை காலையில் டிரைவர் சம்சாரம் பாவாயி அக்கா போன் செய்து, "உங்க டிரைவரண்ணன் தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் சாயந்திரம்தான் மனுஷன் என்னோடு போனில் சண்டை போட்டிருந்தார். அதை முடிக்காமல் ஒருத்தர் எப்படிப் போகலாம்?

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் வந்து போனவர்களுக்கு டிரைவர் பொன்னுசாமியைத் தெரியாமல் இருக்காது. கண்டக்டராக அவரோடு பாதி சர்வீஸை ஓட்டியவன் நான். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆரன் அடிப்பார், வண்டியை ஓரம் கட்டுவார், கீழேயிருந்து வருகிற கடைசி மொபெட் வரை வழி விட்டுவிட்டுத்தான் நகர்வார். அடிவாரத்தில் அடுத்த பஸ்ஸைத் தவற விட்டவர்கள் சண்டைக்கு வருவது என்னிடம். கேட்டால், "ஏறுறவன் நின்னுட்டா மறுபடி இழுக்காதுங்க கண்டக்டரே. எறங்குறவனுக்கு என்ன, செத்த நின்னா என்ன குறைஞ்சு போகுது?" என்பார். ரோட்டில் அது நியாயம்தான். நான் மறுக்கவில்லை.

ரிட்டையரான பிறகு பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது, வலது கை மட்டும் அடம் பிடித்தது. இடது கையில் கரண்டி பிடித்துத்தான் சாப்பாடு. அதிலிருந்து விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பந்தியில் நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிட அவருக்கு முடியவில்லை. "பேத்தி காதுகுத்துல எங்கையால பிசைஞ்சு திங்கோணுங்க. அதுக்குள்ள இது வந்துருமா?" என்று அந்தக் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பார். விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். களிமண் உருண்டை, ரப்பர் பந்து எல்லாம் இரண்டு நாளில் மூலைக்குப் போயின.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு யோசனை செய்தான். டிவியில் மாட்டி ஆடுகிற, குச்சி வைத்த விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். உள்ளே அந்தக் காலத்துப் பேய் ஆட்டம். சேந்தமங்கலத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் நான் வீடியோ கேம் கடையில் விழுந்து விழுந்து ஆடிய அதே ஆட்டம். சந்து சந்தாக ஒரு பாதை, அதில் வரிசையாகப் புள்ளிகள். பேய்களிடம் சிக்காமல் எல்லாப் புள்ளியையும் தின்று முடிக்க வேண்டும். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்; என் குண்டனி நாட்டிலிருந்து அவருடைய வாழவந்தி நாட்டுக்குத் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவருடைய வலது கையைக் குச்சியில் வைத்து, நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

என் தலையெழுத்து. முதல் திருப்பத்திலேயே வாயால் "பாம், பாம்" என்று ஆரன் அடித்தார். கீழேயிருந்து பேய் வந்தது. மனுஷன் குச்சியை விட்டுவிட்டு நின்றார். பேய் வந்து விழுங்கிவிட்டுப் போயிற்று.

"எதுக்குங்கண்ணா நின்னீங்க?"

"அது மேல ஏறி வருதில்லீங்க?"

"அது பேய்ங்கண்ணா. அதுக்கு இஞ்சின் கெடையாது!"

"நீங்க போய்ப் பாத்தீங்களாக்கும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மாசக்கணக்கில் இதே கூத்து. மேலேயிருந்து வரும் பேய்க்குப் போக்குக் காட்டி ஓடுவார். கீழேயிருந்து வந்தால் மரியாதையாக நின்று சாவார். காலும் கையும் அப்படியே பழகிப்போச்சுங்க என்பார். கண்மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். விரலுக்கு வேலை எங்கே கிடைக்கும்? அதற்குத்தானே இந்தப் பெட்டியே? நான் கத்துவேன். பாவாயி அக்கா அடுப்படியிலிருந்து, "கத்தாதீங்க, மிளகு காயப்போட்டவங்கெல்லாம் எட்டிப் பாக்கறாங்க" என்பார். அவரோ, "அந்தக் குண்டு பேய்க்கு பிரேக் புடிக்காதாட்ட இருக்குதுங்க" என்று அடுத்த ஆட்டத்துக்குத் தயாராவார். இவ்வளவு பொறுமையான ஆளோடு பழகுவது உடம்புக்கு ஆகாது.

புதன்கிழமை சாயந்திரம் நான் போகவில்லை, மழை. அவரே போன் செய்தார்.

"முடிச்சுட்டேனுங்க. ஒரு புள்ளி பாக்கியில்லை."

"வழி விடாம ஓட்டுனீங்களா?"

"விடாம இருப்பனா? பக்கத்துச் சந்துல ஒதுங்கி நின்னு, ஏறுறதையெல்லாம் மேல அனுப்பிட்டு அப்புறம் போனேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்படீன்னா போட்டோ எங்கீங்க?" என்றேன்.

"ரெண்டு கையும் பெட்டியில இருக்கறப்ப போட்டோவை மூக்காலயா எடுக்கறது? அதை விடுங்க. அத்தனை பாடுபட்டு முடிச்சா மறுபடியும் அதே சந்துதான வருது! உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்கண்ணா."

"தெரிஞ்சும் சொல்லலையா? என்ன கண்டக்டருங்க நீங்க?"

மறுபடி அதே சந்து வருவது மகன் சொல்லித் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். கதை விடாதீங்க என்றேன். நம்பாட்டிப் போங்க என்று வைத்துவிட்டார். காலையில் போய் ஒரு கை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் படுத்துவிட்டேன்.

காலையில் போனேன். வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணிக்கிழிசலோடு அவருடைய மச்சினர் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். வலது கையை எடுத்தபோது, கட்டைவிரல் ஓரத்தில் கொப்புளம். புதுசு, இன்னும் தண்ணீர் வற்றாதது. ஒரு டம்ளரைப் பிடிக்காத கை அது. குச்சியை எவ்வளவு நேரம், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தால் அப்படி வரும்? அதன்மேல் படாமல் தள்ளிக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய பொறுமையைச் சொல்வார்கள், சொல்லட்டும். நான் வைத்துக்கொள்வது அந்தக் கொப்புளத்தை. முடித்திருக்கிறார் மனுஷன், அவர் வழியிலேயே முடித்திருக்கிறார். கை வந்துகொண்டிருந்தது. பேத்தி காதுகுத்து அடுத்த மாசம்தான். ஆயுசு முழுக்க எவனையும் முந்தாத ஆளுக்கு இதில் மட்டும் அப்படி என்னங்கண்ணா அவசரம்?