எருக்குக்குப் புடவை கட்டிய மண்டபம்

“…வெயில்ல வாடவும் கூடாது, பட்டாம்பூச்சியும் வரணும். அந்த மாரி செடியா பாத்து எட்துக்கினு வா. வரலன்னா நீயே றெக்க கட்டிக்கினு பறக்கணும் மேனேஜரு!”

இன்று காலை திருப்பதியில் ஒரு நர்சரிக்குள் நுழைந்ததும், ஈரமண் வாசனையோடு இந்தக் குரலும் மூக்கில் ஏறியது. குரல் மூக்கில் ஏறுமா என்று கேட்காதீர்கள். முனிரத்தினத்தின் குரல் ஏறும்.

புத்தூரில் அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. நான் அங்கே மேனேஜர். அதாவது பூட்டுத் திறப்பவன், பெருக்குபவன், செடிக்குத் தண்ணீர் விடுபவன். பைபாஸில் புதிதாக ஏசி மண்டபம் வந்து, அதன் செயற்கை அருவி முன்னால் போட்டோ எடுக்கவே ஜனம் அங்கே ஓடியது. அந்த வைகாசியிலும் கல்யாணம் வராவிட்டால் எங்கள் மண்டபத்தை மூடவேண்டியதுதான். அருவிக்குப் பதில் பட்டாம்பூச்சி என்று முதலாளி முடிவு கட்டினார்.

நித்தியகல்யாணி, ஜீனியா, இட்லிப்பூ, துலுக்கச்சாமந்தி எல்லாம் வைத்தேன். தார் இளகும் எங்கள் ஊர் வெயிலில் நான்தான் வாடினேன், அவை வாடவில்லை. ஆனால் மண்டபம் பார்க்க வரும் பெண்கள் சும்மா இருப்பார்களா? தலைக்கும் சாமிக்குமாகக் கிள்ளிக்கொண்டு, “பூவு நல்லாகீது, மண்டபம்தான் சுமாரு” என்று போய்விடுவார்கள்.

பட்டாம்பூச்சி வரத்தான் செய்தது. எங்கே? சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரம், யாரும் வைக்காமலே ஆளுயரம் வளர்ந்திருந்த எருக்கஞ்செடிக்கு. ஆரஞ்சு றெக்கையில் கறுப்புக் கரை போட்டதுகள், கூட்டம் கூட்டமாக.

முதலாளி பார்த்தார். முகம் மலர்ந்து, உடனே வெளுத்தது.

“அடப்பாவி! ஒருத்தன் குடி கெடணும்னா, வூட்ல எருக்கு மொளைக்கன்னு சாபம் வுடுவாங்க. கல்யாண மண்டபத்துல இது நின்னா எவன் வருவான்?”

“புடுங்கிடட்டுமா மொதலாளி?”

“புடுங்கினா பூச்சிக்கு எங்க போறது?”

யோசித்து யோசித்து, சம்சாரத்தின் பச்சைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து செடியைச் சுற்றிக் கட்டிவிட்டார். நுனிப் பூ மட்டும் வெளியே. நகரியிலிருந்து வந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாருங்க அது, சாக்கடையாண்ட தனியா நின்னுக்கினு கீது?”

“அம்மன்!” என்றார் முதலாளி.

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனைச் சாக்கடையில் நிறுத்தியவன் மண்டபமே வேண்டாம் என்று போய்விட்டார்.

அப்புறம்தான் மண்டபம் பார்க்கப் பலமனேர்க்காரர் ஒருவர் வந்தார். மாப்பிள்ளையும் அவரே. இரண்டு முறை தாலி கட்டி, இரண்டும் நிலைக்காதவர். மூன்றாம் கல்யாணம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் எருக்கைப் பெண்ணாக அலங்கரித்துத் தாலி கட்டி, பிறகு செடியை வெட்டிவிடுவார்கள். அது மூன்றாவது, மறுநாள் மணையில் உட்காரும் நிஜப்பெண் நாலாவது. மனிதர் பின்கட்டைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்.

“சாலா பாகுந்தி, ரொம்ப நல்லாகீது சார்! பொடவ மொதக்கொண்டு கட்டி ரெடியா வெச்சிக்கிறீங்களே!”

சடங்கன்று புரோகிதர், “பொண்ணுக்குத் தகப்பன் யாரு?” என்றார். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எருக்கைத் தாரை வார்த்தார். அதுவரை சிரிப்பை அடக்கி வைத்திருந்த நான், அவர் மூக்கை உறிஞ்சியதும் வாய்விட்டுச் சிரித்து, புரோகிதரிடம் முறைப்பு வாங்கினேன்.

அடுத்து அரிவாளோடு வந்தார்கள். முதலாளி குறுக்கே நின்றார்.

“கட்டிக் குட்த்த பொண்ண எங்கண்ணெதிர்லயே வெட்டுவீங்களா? ஆடி முடியறவரிக்கும் எங்க வூட்லயே இருக்கட்டும் மாப்ள.”

“சார், வெட்டலன்னா நாளைக்கு வர்றவ நாலாவது ஆவ மாட்டா!”

“அது உங்க கஷ்டம்.”

அவர்கள் வேறு எருக்கு தேடிக்கொண்டு போனார்கள். மறுநாள் கல்யாணம் ஏசி மண்டபத்தில், அருவி முன்னால் நடந்தது. எங்களுக்கு அதன்பிறகு ஒரு கல்யாணமும் வரவில்லை.

இப்போது அங்கே ஆறுவழிச் சாலை. மண்டபம் இல்லை, சாக்கடைகூட இல்லை. பஸ்ஸில் போகும்போது எருக்கு நின்ற இடத்தைத் தேடுவேன்; கண்டுபிடிப்பதற்குள் லாரி ஒன்று மறைத்துவிடும்.

மண்டபத்தை மூடியது அந்த ஆடியில். என்னிடம் சாவி வாங்க வந்த முதலாளியின் கையில் சீர்த் தாம்பாளம்: வெற்றிலை, பழம், மடிப்புக் கலையாத மஞ்சள் புடவை. நேரே பின்கட்டுக்குப் போனார். தாம்பாளத்தை எருக்கின் அடியில் இறக்கி வைத்து, பழைய புடவையை அவிழ்த்துவிட்டு, கொசுவம் வைத்துப் புதியதைக் கட்டத் தொடங்கினார்.